தனி வழி, கூட்டு வழி: மூன்று ஆன்லைன் விளையாட்டுகள், மூன்று பதில்கள்

ராத்திரி பதினோரு மணிக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்கிறோம். கையில் இருப்பது ஒரு மணி நேரம். கில்டில், அதாவது நம் நிரந்தரக் குழுவில், ரெய்டு (பெருங்கூட்டமாகப் போடும் பெரிய சண்டை) போகிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால், குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30. அவர்களோடு போனால் மறுநாள் வேலை கெடும். போகாவிட்டால் அந்த விளையாட்டில் நமக்கென்று என்ன மிச்சம்?

ஆன்லைன் ரோல்பிளேயிங் விளையாட்டு ஒவ்வொன்றும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேண்டஸி 14, கில்ட் வார்ஸ் 2 ஆகிய மூன்றையும் பல வருடங்களாக மாற்றி மாற்றி ஆடி வருகிறேன். எதில் தனியாக ஆட நிறைய இருக்கிறது என்று கணக்கெடுப்பது என் நோக்கமில்லை. தனியாக வந்தவரை அந்த விளையாட்டு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட்டில் நெக்ரோமான்சர், ட்ரூயிட் மாதிரி சில பாத்திர வகைகளைத் தவிர, மற்றவர்கள் தனியாக உருப்படியாக எதையும் செய்ய முடியாது. செத்தால் அனுபவப் புள்ளி குறையும். உடம்பும் அதிலிருந்த பொருள்களும் செத்த இடத்திலேயே கிடக்கும், போய் எடுத்து வரவேண்டும். அதனால் சக ஆட்டக்காரர்தான் அங்கே மிகப் பெரிய சொத்து. நல்ல கிளெரிக் (மற்றவரைக் குணப்படுத்துகிறவர்) யார், பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர் யார் என்று சர்வர் முழுக்கத் தெரியும். அந்த நெருக்கத்துக்கான விலை காத்திருப்பு. ஒரு கிளெரிக் கிடைக்கும்வரை சும்மா உட்கார்ந்தே மாலைப் பொழுது போய்விடும்.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்து அந்தக் காத்திருப்பை உடைத்தது. குவெஸ்டுகளை (விளையாட்டு தரும் சின்னச் சின்ன வேலைகளை) பிடித்துக்கொண்டு 60-ஆம் லெவல் வரை பெரும்பாலும் தனியாகவே போய்விடலாம். ஆனால் 60-ஐத் தொட்டதும் வழி திடீரென்று மாறிவிடும். அடுத்த நல்ல கியர் (ஆயுதமும் கவசமும்) வேண்டுமென்றால் மோல்ட்டன் கோர் என்ற ரெய்டு, அங்கே போக நாற்பது பேர் வேண்டும். அதுவரை தன்னந்தனியாக வந்தவருக்குத் தெரிந்தவர் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். என் பார்வையில், அடுத்த இருபது வருடங்களில் இதைத் தயாரிக்கும் பிளிசார்டு இந்தப் பக்கம் செய்த மாற்றங்கள் எல்லாம் அந்த ஒரு உயரமான படியைத் தாழ்த்தும் முயற்சிகள்தான்.

2007-இல் ரெய்டு 25 பேராகவும் 10 பேராகவும் சுருங்கியது. 2009 டிசம்பரில், டஞ்சன் எனப்படும் ஐந்து பேர் குகைகளுக்கு ஆள் சேர்க்கும் டஞ்சன் ஃபைண்டர் வந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் வேறு வேறு சர்வரிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்து டஞ்சன் வாசலில் இறக்கிவிடும். 2011-இல் ரெய்டுக்கும் அதே ஏற்பாடு. வசதி பெரிது, இழப்பும் பெரிது. வேறு சர்வர்க்காரரை மறுபடி பார்க்கப் போவதில்லை என்பதால் பேச்சு குறைந்தது. தப்புச் செய்த ஹீலரை (குணப்படுத்துகிறவரை) ஓட்டுப் போட்டு வெளியே தள்ளுவதும் சுலபமானது. 2022-இல் பழைய தொகுப்பு ஒன்றின் மறுவெளியீடான ராத் கிளாசிக் வந்தபோது இந்த வசதியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், பழைய கூட்டுறவு திரும்பட்டும் என்று. ஆட்டக்காரர்கள் விடாமல் கேட்டார்கள், அடுத்த வருடமே சேர்க்க வேண்டியதாயிற்று. வசதிக்குப் பழகிய பிறகு பழைய காத்திருப்புக்குத் திரும்புவது யாருக்கும் சுலபமில்லை.

2024 ஆகஸ்டில் தி வார் விதின் என்ற கூடுதல் தொகுப்போடு வார்கிராஃப்ட்டில் வந்த டெல்வ்ஸ் இந்த வரிசையில் மிகத் துணிச்சலான மாற்றம். ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரை போகக்கூடிய சின்னக் குகைகள். ஒன்றை முடிக்கக் கால் மணி நேரம் போதும். கூடவே அந்தத் தொகுப்பில் பிரான் பிரான்ஸ்பியர்டு என்ற குள்ளர் துணைக்கு வருவார். அவரை ஹீலராகவோ அடிக்கிறவராகவோ வைத்துக்கொள்ளலாம். கடினம் பதினொரு படி. எட்டாம் படியில் ஆடினால், வாரம் ஒரு முறை திறக்கும் கிரேட் வால்ட் பெட்டியில் ஹீரோ வரிசைக் கியர் கிடைக்கும். ஹீரோயிக் ரெய்டு ஆடுகிறவர்கள் போட்டிருக்கும் அதே வரிசை. அதற்கு மேலே உள்ள மித் வரிசைதான் இதில் வராது.

ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் பயப்பட வேண்டாம், பாதியில் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு வரலாம். சரி, அப்புறம்? இங்கேதான் எனக்கு மனக்குறை. டெல்வ்ஸில் மூன்று மாதம் ஆடியவர் நல்ல கியரோடு இருப்பார். ஆனால் ஐந்து பேர் நடுவே எங்கே நிற்பது, பாஸ் (குகையின் பெரிய எதிரி) எப்போது யாரைக் குறிவைக்கும், ஹீலரின் பார்வையிலிருந்து விலகாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் பிரான் அவரிடம் இதில் எதையும் எதிர்பார்க்கவில்லை. தனியாக ஆட ஒரு நல்ல வீட்டைக் கட்டினார்கள். அதிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும் கதவு மட்டும் சின்னதாக இருக்கிறது.

அந்தக் கதவுக்கு நெருக்கமாக வருவது, அதே 2024 ஜனவரியில் சேர்த்த ஃபாலோயர் டஞ்சன்கள். உண்மையான டஞ்சனுக்குள் கணினிப் பாத்திரங்களோடு போகலாம். டேங்க் (எதிரியின் அடியைத் தாங்கி முன்னால் நிற்பவர்) ஆடப் பயப்படுகிறவர் இங்கே பத்து முறை ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். டெல்வ்ஸைவிட இதைப் பற்றிப் பேச்சு குறைவு, எனக்கு இதுதான் முக்கியமானதாகப் படுகிறது. குழுவுக்கு ஆள் கிடைக்காமல் போவதற்கு ஆட்டக்காரர்கள் குறைவு என்பது காரணமில்லை. அடிக்கிறவர்கள் எப்போதும் வரிசையில் நிற்கிறார்கள். டேங்க்கும் ஹீலரும்தான் குறைவு. அந்த இரண்டு வேலையிலும் ஒரு தப்புச் செய்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் புதிதாக வருகிறவர்கள் கிட்டே போகத் தயங்குகிறார்கள்.

ஃபைனல் ஃபேண்டஸி 14 அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு கட்டிய விளையாட்டு என்பேன். 2010-இல் வந்த முதல் வடிவம் தோற்று, நவோகி யோஷிதா பொறுப்பேற்று 2013 ஆகஸ்டில் மறுபடி வெளியிட்டார். இதில் கதைதான் உயிர். கதையை ஒற்றை ஆளாகப் படித்துக்கொண்டே போகலாம். ஆனால் 15-ஆம் லெவலில் சாஸ்தாஷா என்ற குகை குறுக்கே வரும், அதற்கு நான்கு பேர் வேண்டும். அதற்குப் பிறகும் இப்படி அடிக்கடி வரும். அதாவது, தனியாளாக வந்தவரைச் சின்ன வயதிலேயே, தோற்றாலும் பெரிய நஷ்டமில்லாத இடத்தில், கூட்டத்தோடு பழக்குகிறார்கள். 60 லெவல் வரை தனியாக நடக்கவிட்டு நாற்பது பேர் நடுவே நிறுத்துவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்து வருடத்துக்கு முந்தைய குகைக்கு இன்று ஆள் எங்கிருந்து வருவார்கள்? அதற்குத்தான் டூட்டி ரூலெட். உச்ச லெவலில் இருக்கும் பழைய ஆட்டக்காரர் தினம் ஒரு முறை ரூலெட் போட்டால் நல்ல பரிசு உண்டு. எந்தக் குகை வரும் என்று அவருக்குத் தெரியாது. புதியவர் காத்திருக்கும் குகையில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், அவருடைய லெவலையும் அந்தக் குகைக்கு ஏற்றபடி குறைத்துவிடுவார்கள். எந்த வேலைக்கு ஆள் குறைவோ அந்த வேலைக்குக் கூடுதல் பணம். குழுவில் முதல் தடவை வருகிறவர் இருந்தால் எல்லோருக்குமே கூடுதல் பரிசு. இந்தக் கடைசி விதிதான் என் மனசைத் தொட்டது. மற்ற விளையாட்டுகளில் புதியவர் என்றால் சுமை. இங்கே திரையில் ‘ஒருவர் முதல் முறை வந்திருக்கிறார்’ என்று அறிவிப்பு வரும்போது மற்ற மூவருக்கும் அது நல்ல செய்தி.

நான் முதல் தடவை ஹீலராகப் போனது நினைவிருக்கிறது. இரண்டாவது பாஸில் டேங்க் செத்துப்போனார். என் விரல் எந்த பட்டனில் இருந்ததென்றே தெரியவில்லை. எல்லோரும் ஆரம்பத்திலிருந்து திரும்பி நடந்து வரும்போது அந்த டேங்க் எழுதினார்: “அவசரப்பட்டு நிறைய எதிரிகளை இழுத்துவிட்டேன், இந்தத் தடவை கொஞ்சமாக இழுக்கிறேன்.” முடிந்ததும் பாராட்டு ஒன்றையும் எனக்குப் போட்டுவிட்டுப் போனார். இதில் ஒவ்வொரு குகை முடிவிலும் முன்பின் தெரியாத ஒருவரைப் பாராட்டலாம், கூடவே சேர்ந்து வந்த நண்பருக்கு அதைப் போட முடியாது. அந்தச் சின்ன விதி செய்கிற வேலை பெரியது.

அப்படியும் மனிதர்களோடு போக விருப்பமில்லாதவர்கள் உண்டு. 2019-இல் ஷாடோபிரிங்கர்ஸ் தொகுப்பில் ட்ரஸ்ட் முறை வந்தது. கதையில் வரும் அல்ஃபினோ, யஷ்டோலா போன்றவர்களே கூட வந்து சண்டை போடுவார்கள். 2022-இல் டூட்டி சப்போர்ட் என்று பழைய குகைகளுக்கும் விரித்து, அடுத்த வருடத்துக்குள் முக்கியக் கதையின் நான்கு பேர் குகைகள் எல்லாவற்றையும் கணினித் துணையோடு முடிக்கும்படி செய்துவிட்டார்கள். இந்தப் பாத்திரங்கள் அடிப்பதில் மெதுவு. ஆனால் ஆபத்தான இடத்தில் நிற்கவே மாட்டார்கள். அவர்கள் எங்கே நகர்கிறார்களோ அங்கே நகர்ந்தால் சண்டையின் முறை பிடிபட்டுவிடும். ஆக, தனி வழியும் கூட்டு வழியும் அதே குகைக்குள்தான் போகின்றன. தனியாகக் கற்றது கூட்டத்தில் அப்படியே உதவுகிறது. டெல்வ்ஸில் இல்லாதது இதுதான்.

குறையும் சொல்ல வேண்டும். கதையின் எட்டுப் பேர் சண்டைகளில் பலவற்றுக்கு இன்னும் மனிதர்கள்தான் தேவை. உச்ச லெவலை அடைந்தபின் வாரத்துக்கு 450 என்ற கணக்கில் சேர்க்கும், கியர் வாங்க உதவும் டோம்ஸ்டோன்களும் பெரும்பாலும் ரூலெட்டிலிருந்தே வரும். தனியாளின் கெட்டிக்காரத்தனத்தைச் சோதிக்க, 2016-இல் வந்த பேலஸ் ஆஃப் தி டெட் இருக்கிறது. 200 மாடி ஆழம். ஒற்றை ஆளாக அடிவரை போனவருக்கு ‘நெக்ரோமான்சர்’ பட்டம். நடுவில் செத்தால் அந்தப் பயணமே முடிந்தது. அந்தப் பட்டத்தோடு ஒருவர் நகரத்தில் நின்றால் ரெய்டு ஆடுகிறவர்களும் மதிப்பாகப் பார்க்கிறார்கள். ஆனால் கியர் என்று பார்த்தால் டெல்வ்ஸ் தருகிற அளவு தெளிவான தனி ஏணி இங்கே இல்லை.

கில்ட் வார்ஸ் 2 வேறு திசையில் போனது. 2012 ஆகஸ்டில் வந்தபோது டேங்க், ஹீலர் பிரிவே தேவையில்லை என்றார்கள், ஒவ்வொருவருக்கும் தன்னைக் குணப்படுத்த ஒரு திறன் உண்டு. பார்ட்டி சேராமலே பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து அடிக்கலாம், பரிசு அவரவருக்குத் தனித்தனி. ஆள் கூடினால் எதிரியும் பலமாவான். விழுந்துகிடப்பவரை யார் வேண்டுமானாலும் எழுப்பலாம். பழைய விளையாட்டுகளில் நாம் அடிக்கிற மிருகத்தை இன்னொருவர் வந்து அடித்தால் கோபம் வரும். இங்கே யாராவது ஓடி வந்தால் நிம்மதியாக இருக்கும்.

2006-இல் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தினர் வார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களைக் கவனித்து, நிறையப் பேர் கூட்டத்தின் நடுவே தனியாகத்தான் ஆடுகிறார்கள், மற்றவர்கள் பார்வையாளர்களாகவும் காட்சியாகவும் கூடவே இருப்பது அவர்களுக்குப் பிடிக்கிறது என்று எழுதினார்கள். அந்த மனநிலைக்காகவே செய்த மாதிரி இருக்கிறது கில்ட் வார்ஸ் 2. ஆரிக் பேசின் என்ற வரைபடத்தில் நான்கு பக்கமும் ஆக்டோவைன் என்ற நான்கு பெரிய எதிரிகளை இரண்டு நிமிட இடைவெளிக்குள் வீழ்த்த வேண்டும். ஐம்பது அறுபது பேர், பாதிப் பேர் ஒரு வார்த்தை பேசாமல், அந்த நேரத்தைச் சரியாகப் பிடிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. லெவல் 80 என்ற உச்சமும் வந்த நாளிலிருந்து மாறவில்லை. ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதே கியரோடு அதே இடத்தில் நிற்கலாம்.

இந்த முறையின் எல்லை 2022-இல் தெரிந்தது. எண்ட் ஆஃப் டிராகன்ஸ் தொகுப்பின் கடைசி வரைபடத்தில் டிராகன்ஸ் எண்ட் சண்டையைக் கடினமாக வைத்திருந்தார்கள். ஒன்றுகூடியவர்கள் நெடுநேரம் உழைத்துக் கடைசியில் தோற்றுத் தோற்றுப் போனார்கள், ஆமை வாகனத்துக்கான முட்டையும் அதற்குள் மாட்டிக்கொண்டது. விளையாட்டைத் தயாரிக்கும் அரீனாநெட் பிறகு சண்டையைத் தளர்த்தி, முட்டைக்கு வேறு வழியும் வைத்தது. பெயர் தெரியாத கூட்டத்திடம் எவ்வளவு துல்லியத்தைக் கேட்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேலே போக 2015 முதல் பத்துப் பேர் ரெய்டு இருக்கிறது, ஆனால் திறந்த உலகத்தில் பழகியவருக்கு அது வேற்றூர் மாதிரி. நூறு பேரோடு ஆடியும் ஒருவர் பெயர்கூட நினைவில் நிற்காமல் போவதும் இங்கேதான்.

எனவே, நேரம் துண்டு துண்டாகக் கிடைத்து, கியர் ஏறுவதில் சந்தோஷம் காண்பவர் வார்கிராஃப்ட்டுக்குப் போகலாம். மாதச் சந்தா வேண்டாம், மாதக்கணக்கில் இடைவெளி விழும் என்பவருக்குக் கில்ட் வார்ஸ் 2. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் தயங்காமல் ஃபைனல் ஃபேண்டஸி 14 பக்கம் நிற்பேன். மூன்றுக்கும் இந்தியாவில் சர்வர் இல்லாததால் பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் தாமதம்) விஷயத்தில் பெரிய சலுகை எதிலும் இல்லை.

என் அக்கா மகன் கல்லூரி விடுமுறையில் ஆரம்பிக்கப் போகிறான். “மாமா, ஹீலர் எடுத்துத் தப்புப் பண்ணினா திட்டுவாங்களா?” என்று கேட்டான். சாஸ்தாஷாவுக்கு முதல் தடவை டூட்டி சப்போர்ட்டில் போய் வழியைப் பார்த்துக்கொள், இரண்டாவது தடவை கண்டிப்பாக க்யூவில் நில், நுழைந்ததும் ‘ஹீலராக இதுதான் முதல் தடவை’ என்று ஒரு வரி எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.