அடையாற்றில் ஓர் ஆய்வகம்: இரத்தக் கல்ச்சர் பரிசோதனை அனுபவம்

ஆறு நாள் காய்ச்சலில் துவண்டுபோன என் மகளுக்கு, டைஃபாய்டுக்கான எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் விடால் பரிசோதனையே போதும் என்று எண்ணிச் சென்றோம். பழைய தொற்றினாலும் அது பாசிட்டிவ் காட்டக்கூடும் என்று அங்கிருந்த நுண்ணுயிரியல் மருத்துவர் எடுத்துச் சொல்லி, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தார்.

மூன்றாம் நாள் வந்த அறிக்கையில், டைஃபாய்டை உண்டாக்கும் பாக்டீரியாவான சால்மோனெல்லா டைஃபி என்றிருந்தது. அறிக்கையைக் கொடுத்ததோடு நில்லாமல், அதன் பின்புறத்திலேயே பேனாவால் படம் வரைந்து அவர் விளக்கியதை நான் மறக்கமாட்டேன். இக்கிருமி 'விஐ' என்னும் சர்க்கரை உறையைப் போர்த்திக்கொள்வதால், பிறவியிலேயே நமக்கு அமைந்த நோயெதிர்ப்பு அதன் மேற்பரப்பை எளிதில் இனங்காண்பதில்லை. தன்னை விழுங்கி அழிக்க வரும் பெருவிழுங்கி செல்லுக்குள்ளேயே, ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியாகத் தன் புரதங்களைச் செலுத்தி, அடைபட்ட பையையே குடியிருப்பாக மாற்றிக்கொள்கிறது. வயிற்றுப்போக்கைத் தரும் அதன் உறவான டைஃபிமூரியமோ குடலில் அழற்சியைத் தானே தூண்டி, அப்போது உருவாகும் டெட்ராதயோனேட் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி, நல்ல பாக்டீரியாக்களை முந்திவிடுகிறது. நம் தற்காப்பையே தனக்கு உரமாக்கிக்கொள்ளும் இந்தத் திறன் என்னை உண்மையிலேயே அச்சுறுத்தியது.

காத்திருக்கும் அறை மிகவும் குறுகலானது. காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்குப் படுக்க ஓர் இடமாவது வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற பட்டியல் தெளிவாக இருந்ததால், எங்கள் குடும்ப மருத்துவர் அன்று மாலையே சிகிச்சையை மாற்றினார்.