வலப்பக்கம் முளைத்த மண்ணீரல்: இடைச்செருகலோடு ஆறு ஆண்டுகள்

சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினியில் அலசுவதுதான் ஆறு ஆண்டுகளாக என் வேலை. பிக்சல் 0.7 மி.மீ., ஸ்லைஸ் (உடலின் குறுக்குவெட்டுப் படம்) இடைவெளியோ 5 மி.மீ. என்று ஒரு சி.டி. வந்தால், பக்கவாட்டில் திருப்பியதும் முதுகெலும்பு படிக்கட்டாகத் தெரியும். நடுவில் இல்லாத மதிப்புகளை எப்படியாவது நிரப்பியாக வேண்டும்; அதுதான் இடைச்செருகல்.

கண்ணுக்கு அழகாக இருப்பதே நல்ல முறை என்று தொடக்கத்தில் நம்பினேன். பைதான் நிரல்மொழிக்கான சைபை (SciPy) நூலகத்தில் படத்தின் அளவை மாற்றும் ஸூம் கட்டளை, வேறெதுவும் சொல்லாவிட்டால் மூன்றாம் படி ஸ்ப்ளைனை, அதாவது புள்ளிகளை இணைக்கும் வழவழப்பான வளைவை, எடுத்துக்கொள்ளும். அதே கட்டளையை, ஒவ்வொரு உறுப்பையும் ஓர் எண்ணால் குறித்த லேபிள் படத்துக்கும் கொடுத்துவிட்டேன். கல்லீரல் 1, மண்ணீரல் 2, வலச் சிறுநீரகம் 3. திறந்து பார்த்தால் கல்லீரலும் சிறுநீரகமும் ஒட்டுகிற இடத்தில் மெல்லிய நாடாவாக மண்ணீரல்! இடப்பக்கத்து உறுப்பு வலப்பக்கம் முளைத்திருந்தது. 1க்கும் 3க்கும் நடுவே கணக்குக்கு 2தானே தெரியும்? அன்றிலிருந்து லேபிளுக்கு அருகிலுள்ள மதிப்பை அப்படியே எடுக்கும் முறை மட்டும்தான். விளிம்பு பிசிறடிக்கும், புது உறுப்பு முளைக்காது.

சாம்பல் நிறப் படங்களில் தேர்வு அவ்வளவு எளிதல்ல. முப்பரிமாண நேரியல் முறை சுற்றியுள்ள 8 வாக்சல்களின் (முப்பரிமாணப் பிக்சல்களின்) எடையிட்ட சராசரி. கொஞ்சம் மங்கும், ஆனால் அந்த எட்டின் எல்லையைத் தாண்டாது. மூன்றாம் படி முறையான கியூபிக் 64 வாக்சல்களைப் பார்க்கிறது, சிலவற்றுக்கு எதிர்ம எடை தருகிறது. விளிம்பு கூர்மையாகும். ஆனால் சி.டி.யின் அடர்த்தி அலகில் காற்றே -1000 ஹவுன்ஸ்ஃபீல்டு என்றால், தோலை ஒட்டி -1080 என்று ஒரு கோடு ஓடும். ஆகவே பார்ப்பதற்குக் கியூபிக், அளப்பதற்கு நேரியல் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். எது பயன்படுத்தினாலும் ஒரே ஒரு தடவைதான்: சுழற்றி, நகர்த்தி, பெரிதாக்கி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இடைச்செருகினால் படம் துவைத்த துணிபோல வெளுத்துவிடும். அந்த மாற்றங்களைக் குறிக்கும் உருமாற்ற அணிகளைப் (matrix) பெருக்கி ஒன்றாக்கிவிட்டுக் கடைசியில் ஒருமுறை செய்தால் போதும்.

எம்.ஆர்.ஐ.யில் இன்னொரு சூட்சுமம். 512 × 512 என்று வரும் படம் உண்மையில் 256 × 256 ஆக எடுக்கப்பட்டிருக்கலாம். கே-வெளியின் (படமாக மாற்றுவதற்கு முன் இயந்திரம் சேகரிக்கும் அலைவெண் தரவின்) ஓரங்களைச் சுழியத்தால் நிரப்பி இயந்திரமே பெரிதாக்கியிருக்கும். அதன்மேல் நானும் பெரிதாக்கிப் பெருமைப்பட்ட நாட்கள் உண்டு. இப்போது கோப்பின் தலைப்பில் எடுப்பு அணியின் (உண்மையில் எடுக்கப்பட்ட கட்டங்களின்) அளவைப் பார்க்காமல் தொடங்குவதில்லை.

5 மி.மீ. ஸ்லைஸுக்குள் சராசரியாகிக் கரைந்துபோன 3 மி.மீ. கட்டியை இவற்றில் எதுவும் எனக்கு மீட்டுத் தந்ததில்லை. அப்படியொரு படம் வந்தால் மென்பொருளைத் திறப்பதற்கு முன், மெல்லிய ஸ்லைஸாக மறுகட்டமைக்க மூலத்தரவு இன்னும் ஸ்கேனரில் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன்.