பக்கத்து புளோக் என்ன விலைக்குப் போனது? வீவக மறுவிற்பனை விலைச் சேவை குறித்து

சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு வாங்க நினைப்பவர் விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன்பே திறந்து பார்க்க வேண்டியது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) இணையத்தில் இலவசமாக வழங்கும் மறுவிற்பனை விலைச் சேவையை. விளம்பரத்தில் இருப்பது விற்பவர் எதிர்பார்க்கும் தொகை. இதில் இருப்பதோ உண்மையில் பேசி முடித்துப் பதிவான தொகை. வட்டாரத்தையும் வீட்டு வகையையும் கொடுத்தால் புளோக் எண், தெரு, மாடி, பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு, விலை, பதிவான மாதம் ஆகியவை வரிசையாக வந்துவிடுகின்றன. இன்னும் பின்னோக்கிப் பார்க்க விரும்புவோருக்கு அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் 1990 முதலான பதிவுகள் கிடைக்கின்றன.

இந்தத் தரவை நான் நம்புவதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. உறவினர்களுக்கிடையே நடந்த விற்பனையும், வீட்டின் ஒரு பங்கை மட்டும் மாற்றிக்கொண்ட விற்பனையும் முழுச் சந்தை விலையைக் காட்டாமல் போகலாம் என்பதால், அவை தரவில் சேர்க்கப்படுவதில்லை. அண்ணன் தம்பிக்குக் குறைத்துக் கொடுத்த விலை அக்கம்பக்கத்து விலையைக் கீழே இழுத்துவிடும் என்ற கவலை இல்லை.

எனினும் வட்டாரத்தின் இடைநிலை விலையை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை மலிவு என்றோ அதிகம் என்றோ தீர்மானிப்பது ஆபத்தானது. அங் மோ கியோவில் 1970களின் இறுதியில் கட்டப்பட்ட புளோக்குகளும் அண்மையில் எழும்பிய புளோக்குகளும் ஒரே வட்டாரக் கணக்கில் சேர்கின்றன. 99 ஆண்டுக் குத்தகை 1978இல் தொடங்கிய வீட்டுக்கு 2025இல் மீதமிருப்பது ஏறத்தாழ 52 ஆண்டுகள். அந்த வீட்டை 35 வயதுக்காரர் வாங்கினால், குத்தகை அவருடைய 95 வயது வரை எட்டாது. வாங்குபவரின் 95 வயது வரை குத்தகை நீடித்தால்தான் மத்திய சேமநிதியை, அதாவது ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பை, முழு அளவில் பயன்படுத்தலாம் என்பது விதி. ஆகவே அதிலிருந்து அவர் பயன்படுத்தக்கூடிய தொகைக்கு வரம்பு குறையும். 45 வயதுக்காரருக்கோ அந்தத் தடை இல்லை. ஒரே வீடு, ஒரே விலை, இருவருக்கும் வேறுவேறு பாரம். ஆகவே குத்தகை ஆண்டு நெருங்கியிருக்கும் புளோக்குகளை மட்டும் எடுத்து, பரப்பளவைக் கொண்டு விலையை வகுத்து ஒப்பிடுவதே முறை. மாடி எண் துல்லியமாகத் தரப்படாமல் மூன்று மூன்று மாடிகளாகத் தொகுக்கப்பட்டிருப்பதையும், வீட்டின் புதுப்பிப்பு நிலை எங்கும் குறிக்கப்படாததையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

வீட்டின் அதிகாரபூர்வ மதிப்பீட்டுக்கு மேல் வாங்குபவர் கையிலிருந்து கொடுத்த ரொக்கம் எவ்வளவு என்பதும் இதில் இல்லை. அந்த விவரத்தை வெளியிடுவதைக் கழகம் 2014இல் நிறுத்தியது. அதிலிருந்து, விலை பேசி, விற்பவர் தரும் ஆப்ஷன் எனும் வாங்கும் உரிமைப் பத்திரத்தைப் பெற்ற பிறகே வாங்குபவர் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடிகிறது. மதிப்பீட்டை வைத்துப் பேரம் பேசாமல், சந்தை விலையை வைத்துப் பேச வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது நல்ல நோக்கம்தான். ஆனால் இதனால் இந்த விலைச் சேவையின் மீது விழும் சுமை கூடிவிட்டது.

நம் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒரு புளோக்கில் இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்த விகிதம் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சீனருக்கு அந்த வரம்பு 87. சீனர் விகிதம் நிரம்பிய புளோக்கில் இந்தியக் குடும்பம் விற்க வந்தால், சீனர் அந்த வீட்டை வாங்க இயலாது. வாங்கக்கூடியோர் வட்டம் சுருங்குவதால் விலையும் இறங்கக்கூடும். மாறாக, இந்தியர் விகிதம் நிரம்பிய இடத்தில் இந்தியர் ஒருவர் மற்றோர் இந்தியரிடமிருந்து மட்டுமே வாங்க முடியும் என்பதால், விற்கும் இந்தியக் குடும்பத்தின் கை ஓங்கியிருக்கும். விலைப் பட்டியலில் விற்றவர், வாங்கியவர் இனம் இடம்பெறாது. அடுத்தடுத்த இரண்டு புளோக்குகளில், ஒரே பரப்பளவும் ஒரே குத்தகையும் கொண்ட வீடுகள் வெவ்வேறு விலைக்குப் போயிருந்தால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாதந்தோறும் முதல் நாளில் புதுப்பிக்கப்படும் இந்த விகித நிலவரத்தைக் கழகத்தின் வேறொரு சேவையில் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. விலையைத் தேடும் அதே பக்கத்தில் அந்த புளோக்கின் இன்றைய விகித நிலையும் தெரியும்படி செய்தால், விற்கவிருக்கும் சிறுபான்மைக் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.