ஆஃப் ஆக மறுக்கும் லேப்டாப்: விண்டோஸ் 11 தரும் கருவிகளில் எது தேறும்?

ஷட் டவுன் கொடுத்த பிறகும் அணையாத லேப்டாப்புக்கு வைத்தியம் பார்க்க எந்த மென்பொருளையும் தேடி இறக்க வேண்டியதில்லை. தேவையான கருவிகள் எல்லாம் விண்டோஸ் 11 உள்ளேயே இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், முதலில் கண்ணில் படுபவை பெரும்பாலும் பயன்படாதவை. நிஜமாகவே வேலை செய்பவை நான்கு மெனு தாண்டி ஒளிந்திருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இங்கே பார்ப்போம். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கருவியைத் தொடும் முன் கோளாறின் வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ஷட்டிங் டவுன்" என்ற எழுத்தோடு வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது ஒரு வகை. ஸ்கிரீன் கருத்துப்போய், ஃபேனும் பவர் விளக்கும் மட்டும் ஓடிக்கொண்டிருப்பது இன்னொன்று. அணைந்த மறுநொடியே தானாக ஆன் ஆவது மூன்றாவது. முதல் வகையில் பெரும்பாலும் ஒரு புரோகிராமோ, பின்னணியில் ஓடும் சர்வீஸோ பிடித்து நிறுத்துகிறது. இரண்டாவதில் சந்தேகம் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) மேலும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடத் தொடங்கும் போர்டு மென்பொருள்) மேலும் போக வேண்டும். மூன்றாவது அணைய மறுப்பதே அல்ல: பாதி வழியில் நீலத்திரைப் பிழை வந்து மறுதொடக்கம் ஆகியிருக்கலாம், அல்லது வெளியிலிருந்து ஏதோ எழுப்பியிருக்கலாம். இந்த மூன்றுக்கும் ஒரே மருந்தைப் பரிந்துரைக்கும் அறிவுரைகளால்தான் பலர் நாள்கணக்கில் அலைகிறார்கள்.

இன்னொரு சோதனையையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். யூஎஸ்பியில் செருகியிருக்கும் டாக், ஹப், வெளி டிஸ்க், பிரிண்டர், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். அணைந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினாலே குற்றவாளி தெரிந்துவிடும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்

எங்கள் அனுபவத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 2012ல் விண்டோஸ் 8 உடன் வந்த இந்த வசதி இருக்கும்வரை, சாதாரண ஷட் டவுன் முழு ஷட் டவுன் அல்ல. உங்கள் புரோகிராம்களை மூடி லாக் ஆஃப் செய்துவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும் டிரைவர்களின் நிலையையும் ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதி உறங்கப் போகிறது. அடுத்த முறை ஆன் செய்யும்போது அதையே எடுத்து வைக்கிறது. ஆக, ஏதாவது ஒரு டிரைவருக்கு ஹைபர்னேட் நிலைக்கு (நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் உறக்கம்) சரியாகப் போகத் தெரியாவிட்டால் ஷட் டவுனும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் அப்டைம் (எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு) நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போவதற்கும் இதுதான் காரணம். "ரீஸ்டார்ட் கொடுத்தால் சரியாக வேலை செய்கிறது, ஷட் டவுன் கொடுத்தால்தான் மாட்டுகிறது" என்ற புகார் வந்தால் கை முதலில் இங்கேதான் போக வேண்டும், ஏனென்றால் ரீஸ்டார்ட் எப்போதும் முழுமையாகவே நடக்கும்.

சோதிப்பது எளிது. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள், அல்லது டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) "ஷட் டவுன் /எஸ் /டி 0" கொடுங்கள் (கட்டளையில் ஷட் டவுன் ஒரே சொல்; டி என்பது டைம் என்பதன் முதல் எழுத்து). இரண்டுமே முழு ஷட் டவுன். இப்படிக் கொடுத்தால் அணைகிறது, சாதாரணமாகக் கொடுத்தால் அணைவதில்லை என்றால் விஷயம் முடிந்தது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும்" என்ற பக்கம், அங்கே மேலே இருக்கும் "தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று" என்ற இணைப்பு, பிறகு கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் ஆன் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இதற்குப் பதிலாக "பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்" கொடுக்கச் சொல்லும் அறிவுரையை நாங்கள் ஏற்கவில்லை. அது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்போடு ஹைபர்னேட்டையும் சேர்த்து ஒழித்துவிடும். பேட்டரி தீரும் தறுவாயில் திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவதே ஹைபர்னேட்தான். ஒரு டிக்கை எடுத்தால் போதுமான இடத்தில் அதை இழப்பானேன்?

இந்த வசதியைப் பற்றிய தீர்ப்பு: மெதுவான ஹார்ட் டிஸ்க் காலத்துக்கு நியாயமாக இருந்தது. இன்றைய லேப்டாப்பில் அது தரும் நன்மையைவிடக் குழப்பமே அதிகம்.

ஈவென்ட் வியூவர்

விண்டோஸ் தனக்குள் நடந்தவற்றைப் பதிந்து வைக்கும் குறிப்பேட்டைக் காட்டும் கருவி இது. விண்டோஸ் தரும் கருவிகளில் இதற்குத்தான் முதலிடம். தோற்றம் பழசு, தேடல் மந்தம், தலைப்புகள் மிரட்டும். ஆனால் ஷட் டவுன் எந்த இடத்தில் நின்றது என்பதை இதைப்போலச் சொல்லும் கருவி வேறில்லை.

விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் ஃபில்டர் கரன்ட் லாக். ஈவென்ட் ஐடி பெட்டியில் 27, 41, 109, 1074, 6006 என்று காற்புள்ளி போட்டுக் கொடுங்கள். இனி வாசிப்பு.

1074 என்பது ஷட் டவுன் கட்டளை பிறந்த இடம். யார், எந்தப் புரோகிராம் மூலம் கொடுத்தார் என்பது அதில் இருக்கும். 109 வந்தால் கெர்னல் அணைக்கும் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். 6006 என்பது ஈவென்ட் லாக் சர்வீஸ் ஒழுங்காக நின்றதற்கான பதிவு. 41 அடுத்த முறை ஆன் ஆனதும் விழும்: போன தடவை முறையாக அணையவில்லை என்ற குற்றச்சாட்டு அது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் 41 கட்டாயம் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது சர்வீஸ்கள் நிறுத்தப்படுவதில்லை, எனவே 6006 பதிவும் வராது. பலர் இதை அறியாமல் "6006 காணோம், சர்வீஸ் மாட்டுகிறது" என்று முடிவுகட்டித் தவறான திசையில் போகிறார்கள். முழு ஷட் டவுன் கொடுத்துவிட்டு வாசியுங்கள். ஆன் ஆனது எந்த வகை என்று 27 சொல்லும்: பூட் டைப் 0 என்றால் முழுத் தொடக்கம், 1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், 2 என்றால் ஹைபர்னேட்டிலிருந்து எழுந்தது.

முழு ஷட் டவுனில் 1074 இருக்கிறது, 6006 இல்லை, பிறகு 41 என்றால் புரோகிராம் அல்லது சர்வீஸ் கட்டத்தில் மாட்டியிருக்கிறது. 6006 வந்த பிறகும் 41 என்றால் சர்வீஸ்களைத் தாண்டிவிட்டது, டிரைவரையோ பயாஸையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு பிரிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

41 பதிவைத் திறந்து டீடெயில்ஸ் தாவலில் பக்செக்கோட் என்ற வரியையும் பாருங்கள். 0 என்றால் நீலத்திரை இல்லை. 159 என்றால் அது 0எக்ஸ்9எஃப், அதாவது டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர். ஒரு டிரைவர் மின்நிலையை மாற்றச் சொன்ன கோரிக்கைக்குப் பதில் தராமல் இருந்து, விண்டோஸ் சில நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே விழுந்திருக்கிறது. "வெகுநேரம் சுற்றிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது" என்ற புகாரின் விளக்கம் பெரும்பாலும் இதுதான். நீலத்திரையைக் கண்ணால் பார்க்க, ரன் பெட்டியில் "எஸ்ஒய்எஸ்டிஎம்.சிபிஎல்" கொடுத்து, அட்வான்ஸ்டு தாவல், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி, அங்கே "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுங்கள்.

அணைகிறது, ஆனால் ஆமை வேகம் என்பவர்களுக்கு வேறொரு லாக் உண்டு: அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல். 200ஆம் எண் பதிவு மொத்த ஷட் டவுன் நேரத்தை மில்லிசெகண்டில் தரும். 201 தாமதப்படுத்திய புரோகிராமையும், 203 தாமதப்படுத்திய சர்வீஸையும் பெயரோடு காட்டும்.

விரிவான ஷட் டவுன் செய்தி

அதிகம் பேசப்படாத, ஆனால் மிக நல்ல வசதி. விண்டோஸின் அமைப்புகள் சேர்த்து வைக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கேஎல்எம், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், பாலிசிஸ், சிஸ்டம் என்று போய், வெர்போஸ்ஸ்டேட்டஸ் என்ற டிவேர்டு (எண்) வகை மதிப்பை உருவாக்கி 1 கொடுங்கள். அதன்பின் "ஷட்டிங் டவுன்" என்ற மொட்டை வாக்கியத்துக்குப் பதில், விண்டோஸ் அந்த நொடியில் எதை நிறுத்துகிறது என்பதைத் திரையில் எழுதும். மாட்டிய இடத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். சர்வீஸ் பெயர் தெரிந்ததும் "சர்வீசஸ்.எம்எஸ்சி" திறந்து அதைக் கையால் நிறுத்திப் பாருங்கள். "ஸ்டாப்பிங்" என்று போட்டு அங்கேயும் நகராமல் நின்றால் சந்தேகம் உறுதி.

எம்எஸ்கான்ஃபிக்

பெயர் எதுவும் கிடைக்காதபோது, விண்டோஸ் தொடங்கும்போது எவை ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும் இந்தக் கருவிக்கு வரவேண்டும். சர்வீசஸ் தாவலில் முதலில் "ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்" டிக் போடுங்கள். இதை மறந்து எல்லாவற்றையும் நிறுத்தினால் லாக் இன் செய்வதே சிக்கலாகலாம். மீதியில் பாதியை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். சரியானால் நிறுத்திய பாதிக்குள் குற்றவாளி, இல்லையென்றால் மறுபாதிக்குள். 32 சர்வீஸ் இருந்தாலும் ஐந்து சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். விபிஎன், ஆன்டிவைரஸ், ஆர்ஜிபி விளக்கு மென்பொருள், கிளவுட் பேக்கப் ஆகியவற்றை முதல் பாதியில் வையுங்கள். உழைப்பு கேட்கும் முறை, ஆனால் ஏமாற்றாது.

பவர்சிஎஃப்ஜி

மின் அமைப்புகளைக் கவனிக்கும் கட்டளை இது. நல்ல கருவி, தவறான நோய்க்குப் பரிந்துரைக்கப்படுகிறது. "பவர்சிஎஃப்ஜி /ரிக்வெஸ்ட்ஸ்" காட்டுவது ஸ்லீப்பைத் தடுப்பவற்றை. அந்தப் பட்டியலில் இருப்பவை ஷட் டவுனைத் தடுக்காது. மூன்றாவது வகைக் கோளாறில் மட்டும் கொஞ்சம் உதவும்: "பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக்" கடைசியாக எழுப்பியது எது என்று சொல்லும். முழுதாக அணைந்த பிறகும் தானே எழுந்தால் பயாஸில் வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியாக எழுப்புவது), மூடியைத் திறந்ததும் ஆன் ஆவது, சார்ஜர் செருகியதும் ஆன் ஆவது ஆகிய அமைப்புகளை அணைத்துப் பார்க்க வேண்டும்.

"அப்டேட் அண்ட் ஷட் டவுன்" கொடுத்தும் ரீஸ்டார்ட் ஆனதென்றால் உங்கள் லேப்டாப் மேல் பழி போடாதீர்கள். அது விண்டோஸிலேயே வெகுகாலம் இருந்த பிழை. 2025 அக்டோபர் இறுதியில் வந்த முன்னோட்ட அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்ததாக அறிவித்தது.

தவிர்க்க வேண்டியது

சர்வீஸ்கள் நிற்க விண்டோஸ் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் வெயிட்டுகில்சர்வீஸ்டைம்அவுட் என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 5000லிருந்து 2000 ஆகக் குறைக்கும் வைத்தியம் எங்கும் பரவியிருக்கிறது. 5000 என்பது ஐந்து விநாடி. அது ஏற்கெனவே குறைவு. அதையும் வெட்டினால் டேட்டாபேஸும் விர்ச்சுவல் மெஷினும் எழுதிக்கொண்டிருப்பதை முடிக்காமலே கொல்லப்படும். டிரைவர் மாட்டுவதற்கு இதனால் எந்தப் பலனும் இல்லை. ஷட் டவுன் வேகத்துக்காக ரெஜிஸ்ட்ரியில் பார்க்கத்தக்க மதிப்பு கிளியர்பேஜ்ஃபைல்அட்ஷட்டவுன் ஒன்றுதான். அது 1 ஆக இருந்தால் ஒவ்வொரு முறையும் பேஜ் ஃபைல் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் கோப்பு) முழுவதையும் அழித்து எழுதும்; பல ஜிபி கோப்புக்கு நிமிடக்கணக்கில் ஆகலாம். அலுவலகப் பாதுகாப்பு விதி ஏதும் இல்லையென்றால் 0 ஆக்கிவிடுங்கள்.

டிரைவர் என்று முடிவானால், வரிசை இது: சிப்செட், இன்டெல் லேப்டாப் என்றால் மேனேஜ்மென்ட் எஞ்சின், கிராஃபிக்ஸ், வைஃபை. விண்டோஸ் அப்டேட் தருவதை நம்பாமல், உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளர் பக்கத்தில் இருப்பதையே போடுங்கள். புதியதுதான் நல்லது என்றும் இல்லை. அண்மை அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் (பழைய டிரைவருக்குத் திரும்புவது) கொடுப்பதே முதல் வழி.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் விண்டோஸை விட்டு வெளியே வாருங்கள். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு. மின்சாரத்தைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் பல மாடல்களில் இதில் புதிதாகத் தொடங்கும். பிறகு லினக்ஸ் யூஎஸ்பி ஒன்றிலிருந்து பூட் செய்து அங்கிருந்து ஷட் டவுன் கொடுங்கள். அங்கே அணைந்தால் விண்டோஸ் பக்கம்தான் கோளாறு, டிரைவர்களுக்குத் திரும்புங்கள். அங்கேயும் ஸ்கிரீன் கருத்து ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் பயாஸ் அப்டேட் ஒன்றுதான் வீட்டில் செய்ய மிச்சம். அதன்பின் பவர் பட்டன், எம்பெடட் கன்ட்ரோலர், போர்டு மூன்றில் ஒன்று. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "லினக்ஸ் யூஎஸ்பியிலும் அணையவில்லை" என்ற ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள், விண்டோஸை மறுபடி நிறுவிப் பார்க்கும் வீண்வேலை மிச்சமாகும்.