எறும்பு வளர்ப்பு: முதலில் குழாய் போதும், கூடு பிறகு

எறும்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது கண்ணாடிக் கூட்டைத்தான். உள்ளே சுரங்கப் பாதை, மேலே மணல், ஓரத்தில் சின்னச் செடி என்று பார்க்கவே அழகாக இருக்கும். சில ஆண்டுகளாகக் கட்டெறும்புக் காலனி ஒன்றைப் பராமரித்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் ஆண்டுக்கு ஒரு சோதனைக் குழாயும் பஞ்சும் தண்ணீரும் போதும். கூட்டை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவுக்குக் காலனிக்கு நல்லது.

காரணம் எளிது. விரல்விட்டு எண்ணக்கூடிய எறும்புகளைப் பெரிய கூட்டில் விட்டால் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும். மற்ற அறைகள் குப்பைக் கிடங்காகும். அங்கே கொண்டுபோய்ப் போட்ட உணவு பூசணம் பிடிக்கும். அதைச் சுத்தம் செய்ய ஆள்பலம் இருக்காது. இயற்கையிலும் ராணி மண்ணில் தன் உடல் அளவுக்குச் சற்றே பெரிய அறையைத் தோண்டி, வாசலை அடைத்துக்கொண்டுதான் குடும்பத்தைத் தொடங்குகிறது. சோதனைக் குழாய் அந்த அறைக்கு ஈடு.

ராணியை விலைக்கு வாங்குவதைவிடத் தேடிப் பிடிப்பதே எனக்குப் பிடித்த வழி. மழை ஓய்ந்து காற்று அடங்கிய புழுக்கமான வேளைகளில் பல இனங்களின் இறக்கை முளைத்த ராணிகளும் ஆண்களும் கூட்டமாகப் பறக்கும். இணை சேர்ந்த ராணி தரையிறங்கி, தன் இறக்கைகளைத் தானே முறித்துப்போட்டுவிட்டு ஒளிய இடம் தேடி அலையும். அப்போது பெற்ற விந்தணுக்களைச் சேமித்து வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் முட்டையிடும். விளக்கைச் சுற்றும் ஈசலை ராணி எறும்பென்று எண்ணிப் பிடித்துவிட வேண்டாம். ஈசல் கறையான் இனம். அதன் நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், இடுப்பு தடித்திருக்கும், உணர்கொம்பு நேராக இருக்கும். எறும்புக்கு முன்னிறக்கை நீளம், இடுப்பு நன்றாக ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும்.

பிடித்த ராணிகள் எல்லாமே தேறும் என்று எதிர்பார்க்க முடியாது. இணை சேராத ராணியின் முட்டைகளிலிருந்து ஆண் எறும்புகள் மட்டுமே வரும்; வேலைக்கார எறும்புகள் இல்லாமல் காலனி அமையாது. அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட ராணிகளைத் தனித்தனிக் குழாயில் வைப்பது நல்லது. தனித்தனியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான இனங்களில் இரண்டு ராணிகள் ஒன்றாக இருந்தால் இன்றில்லாவிட்டாலும் நாளை சண்டை வரும்.

வெளிநாட்டு இனங்களை இணையத்தில் வாங்கும் ஆசை பலருக்கு உண்டு. 2025 ஏப்ரலில், பஞ்சு வைத்த சோதனைக் குழாய்களில் சுமார் 5,000 ராணி எறும்புகளை வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் கென்யாவில் பிடிபட்டார்கள். அடுத்த மாதம் நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. ஒவ்வொரு ராணியும் அந்த மண்ணில் உருவாகியிருக்க வேண்டிய ஒரு முழுக் காலனி. அதைப் பறித்துவந்து அலமாரியில் வைப்பதை என்னால் பொழுதுபோக்கு என்று ஏற்க முடியவில்லை.

இனி குழாய். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பஞ்சு உருண்டையை நீர்மட்டம் வரை தள்ள வேண்டும். மறுபுறம் லேசாக ஈரம் தெரிந்தால் சரி. தண்ணீருக்கும் பஞ்சுக்கும் இடையில் பெரிய காற்றுக்குமிழி தங்கக்கூடாது. அறை சூடாகும்போது அந்தக் குமிழி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும், முட்டைகள் நனைந்துபோகும். பிறகு ராணியை விட்டு, வாயையும் காற்றுப் புகும் அளவுக்குப் பஞ்சால் அடைத்து, இருட்டான, அதிர்வு இல்லாத இடத்தில் வைத்தால் முடிந்தது. எறும்புகளுக்குக் காற்றில் வரும் ஒலியைவிடத் தரை வழியே வரும் அதிர்வுதான் தொந்தரவு. குளிர்சாதனப் பெட்டியின் மேலோ, தினமும் எழுதும் மேசையிலோ வைக்க வேண்டாம்.

கட்டெறும்பு ராணிக்கு இந்தக் கட்டத்தில் உணவே வேண்டாம். இனிமேல் தேவைப்படாத பறக்கும் தசைகளையும் உடல் கொழுப்பையும் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். ஆனால் இது எல்லா இனத்துக்கும் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் புல்டாக் எறும்பு போன்றவற்றின் ராணிகள் இந்தக் காலத்திலும் இரை தேட வெளியே போகும். தொடக்கக்காரர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

முட்டையிலிருந்து முதல் வேலைக்கார எறும்பு வரச் சுமார் இரண்டு மாதங்கள் ஆகலாம். குளிர்ந்தால் இன்னும் நீளும். இந்தப் பொழுதுபோக்கில் மிகக் கடினமான பகுதி இதுதான். வாரம் ஒரு முறைக்கு மேல் திறந்து பார்க்கக்கூடாது. அடிக்கடி வெளிச்சம் பட்டால் ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். குழாயின் மேல் சிவப்புத் தாள் சுற்றிவைப்பது உதவும். எறும்புகளுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது.

காத்திருப்புக்குப் பலன் உண்டு. கட்டெறும்பின் புழு பட்டு நூற்றுத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். பார்க்க அரிசிமணி போல இருக்கும் அந்தக் கூட்டின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி தோன்றும். புழு தன் வயிற்றுக் கழிவை ஒதுக்கிய இடம் அது. எறும்பு வெளிவர வேண்டிய வேளையில் ராணி கூட்டின் மறுமுனையைத் தாடையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிக்கத் தொடங்கும். கிழிசல் வழியே முதலில் தலையும் பிறகு மடங்கிய கால்களும் தெரியும். வெளியே வந்தது கறுப்பாக இருக்காது. உள்ளே நிழலாடும் அளவுக்கு வெளிறியிருக்கும். நடக்கவும் தெரியாமல் தடுமாறும் அதை ராணி நக்கிக்கொண்டே இருக்கும். சில நாட்களில் உடல் இறுகி நிறம் ஏறும். இந்த முதல் தலைமுறை எறும்புகள் பின்னால் வருபவற்றைவிட மிகச் சிறியவை. இருப்பதை வைத்து ராணி வளர்த்த பிள்ளைகள்.

அதன் பிறகுதான் உணவு. இரண்டு வகை தேவை. வளர்ந்த எறும்புகளுக்கு இனிப்பு, புழுக்களுக்குப் புரதம். வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாது, திரவத்தைத்தான் உறிஞ்சும். தேனைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, சிறு துளியாகப் பஞ்சில் நனைத்து வைக்க வேண்டும். கெட்டியாக வைத்தால் கால் ஒட்டிக்கொண்டு சாகும். புரதத்துக்குப் பழ ஈ, மாவுப்புழு போன்றவற்றைக் கொன்று, நறுக்கி வைக்கலாம். தோட்டத்தில் பிடித்த பூச்சியைக் கொடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பூச்சிமருந்து தின்றதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பசியாறிய எறும்பைக் கண்டுபிடிப்பது சுலபம்: வயிறு உப்பி, கறுத்த தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையில் தேன் நிறத்தில் பட்டைகள் தெரியும். அந்த வயிற்றில் இருப்பது அதன் சொந்தச் சாப்பாடு அல்ல. கேட்டுவரும் எறும்புக்கெல்லாம் வாயோடு வாய் வைத்துக் கொடுத்துவிடும்.

இந்தக் கட்டத்தில் குழாயை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் திறந்து வைத்தால் எறும்புகள் உலவ இடம் கிடைக்கும். தப்பாமலிருக்கப் பெட்டியின் மேல் விளிம்பில் தடுப்பு வேண்டும். டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துத் தடவினால், காய்ந்ததும் கால் ஊன்ற முடியாத வழவழப்பு வரும். மலிவானது, நன்றாக வேலை செய்கிறது. விரல் பட்டால் மட்டும் மறுபடி பூச வேண்டும். ஃப்ளுவான் எனப்படும் டெஃப்ளான் கரைசல் அதிக நாள் நிற்கும். ஆனால் ஈரப்பதம் கூடிய காலத்தில் அதன் பிடி தளர்கிறது. எண்ணெய் பூசுவது எனக்கு ஒத்துவரவில்லை. வழிகிறது, தூசி படிகிறது, தூசி மேல் எறும்பு நடக்கிறது.

குழாயில் தண்ணீர் தீர்ந்தாலோ பூசணம் வந்தாலோ எறும்புகளைக் கொட்டி மாற்ற வேண்டியதில்லை. புதிய குழாயை இருட்டாக்கிப் பக்கத்தில் வைத்து, பழையதன் மேல் வெளிச்சம் விழச் செய்தால் அவையே புழுக்களைத் தூக்கிக்கொண்டு குடிபெயரும். சில வேளை ஒரே இரவில், சில வேளை வாரக்கணக்கில். இரண்டும் இயல்புதான்.

குழாய் கொள்ளாமல் எறும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போதுதான் கூடு வாங்கலாம். பிளாஸ்டர் கூடு ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் பூசணமும் பிடிக்கும். சில இனங்கள் அதைக் கடித்துக் குடைந்துவிடும். அக்ரிலிக் கூட்டில் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஈரத்துக்குத் தனியாக ஸ்பாஞ்ச் வைக்க வேண்டும். ஓரளவு உலர்ந்த இடத்தைப் பொறுத்துக்கொள்ளும் கட்டெறும்புக்கு அக்ரிலிக்கே என் தேர்வு. குளிர்ப் பிரதேச இனங்களை வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் மூன்று நான்கு மாதங்கள் 5 முதல் 10 டிகிரி செல்சியஸில் ஓய்வு கொடுக்க வேண்டும். வெப்ப மண்டல இனங்களுக்கு அது வேண்டாம்.

தொடங்கும் முன் ஆயுளையும் கணக்கில் கொள்ளுங்கள். லேசியஸ் நைஜர் இன ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது பதிவாகியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்காகத் தொடங்குகிற பெற்றோர், அந்தப் பிள்ளை படிப்புக்கு வெளியே போன பிறகு யார் பஞ்சு நனைப்பது என்று பேசிவைத்துக்கொள்ள வேண்டும். முடியாமல் போனால் இன்னொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்கலாம். வேறு நிலத்திலிருந்து வந்த இனத்தைத் திறந்து மட்டும் விடக்கூடாது. தென் அமெரிக்காவின் நெருப்பெறும்பு 1930களில் கப்பல் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. இன்றுவரை அதை ஒழிக்க முடியவில்லை. ஏற்க ஆளில்லாத வெளிநாட்டுக் காலனியை உறைபெட்டியில் வைத்து முடிப்பதுதான் முறை. அதற்கு மனம் வராதவர்கள் தங்கள் பகுதி எறும்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.