சம்மதத்தைச் சொல்லத் தபாலா, வாட்ஸ்அப்பா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை. மாதம் 6,500 வெள்ளி (ரிங்கிட்), மூன்றாண்டு வாடகை, வெள்ளிக்கிழமைவரை அவகாசம் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எடுத்துக்கொள்கிறோம் என்பதை எந்த வழியில் சொல்வது நல்லது?

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தபாலில் போடுகிறவருக்கே சாதகம். கடிதம் உங்கள் கையைவிட்டுப் போனதுமே உரிமையாளர் கட்டுப்பட்டுவிடுகிறார். நீங்களோ அது அவருக்குத் தெரியவரும்வரை கட்டுப்படவில்லை. மனம் மாறினால், கடிதம் சேரும் முன் அவருக்குத் தகவல் சொல்லிப் பின்வாங்கலாம். தபாலில் போட்டதுமே இருவரும் கட்டுப்படுவர் என்று இங்கிலாந்துப் பாடநூலை வைத்துப் படித்தவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

1913ஆம் ஆண்டின் இக்னேஷியஸ் எதிர் பெல் வழக்கில் நிலம் வாங்கும் உரிமைக்கு 1912 ஆகஸ்ட் 20 கெடு. ஏற்புக் கடிதம் 16ஆம் தேதியே கிள்ளானில் பதிவுத் தபாலில் போடப்பட்டது. பெறவேண்டியவர் ஊரில் இல்லை. 25ஆம் தேதிவரை கோல சிலாங்கூர் தபால் நிலையத்திலேயே கிடந்தது. ஆனாலும் ஏற்பு செல்லும் என்றே தீர்ப்பு. தபாலில் பதில் வரும் என்பது இருவரும் எதிர்பார்த்ததுதான் என்பது அங்கே முக்கியம். "பதில் என் கைக்கு வந்து சேர வேண்டும்" என்று உரிமையாளர் எழுதியிருந்தால் இந்த விதி கைகொடுக்காது.

வாட்ஸ்அப்பில் வேகம் உண்டு, இந்தச் சலுகை இருக்கும் என்று நம்ப முடியாது. உடனுக்குடன் பேசும் சாதனங்களில் பதில் போய்ச் சேர்ந்தால்தான் ஒப்பந்தம் என்பது இங்கிலாந்தின் 1955ஆம் ஆண்டு என்டோர்ஸ் வழக்கு. இங்கே 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டமும் இருக்கிறது: பதிலுக்கென்று ஓர் எண்ணையோ முகவரியையோ குறித்துக் கொடுத்திருந்தால், செய்தி அதற்குள் நுழைந்ததுமே பெற்ற கணக்கு, இல்லையென்றால் அவருக்குத் தெரியவரும்போதுதான். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவரிடம் அதை எப்படி நிரூபிப்பீர்கள்? எந்த எண்ணுக்குப் பதில் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

எந்த வழியானாலும் வாசகம் பிசகினால் எல்லாம் போச்சு. "எடுத்துக்கொள்கிறோம், முன்பணம் இரண்டு மாதம் மட்டும்" என்பது 7ஆம் பிரிவின்படி ஏற்பே இல்லை, அவருடைய முன்மொழிவைச் சாகடித்துவிடும் எதிர்முன்மொழிவு. 1840இல் இங்கிலாந்தின் ஹைட் எதிர் ரென்ச் வழக்கில் 1,000 பவுண்டு பண்ணையை 950க்குக் கேட்டவர், பிறகு 1,000க்கே சம்மதித்தும் பலிக்கவில்லை. "குறைக்க முடியுமா?" என்று விசாரிப்பதோடு நின்றால் முன்மொழிவு சாகாது.

வெறும் வாக்குறுதியான அவகாசத்தையும், எழுத்தில் இருந்தாலும், நம்ப வேண்டாம். பிரதிபலன் (அந்த வாக்குக்கு ஈடாக நீங்கள் தருவது) இல்லாவிட்டால், நீங்கள் சம்மதம் அனுப்பும் முன் வியாழனன்றே அவர் விலகிக்கொள்ளலாம். அவகாசத்துக்கென்று 10 வெள்ளி கொடுத்து ரசீது வாங்கினாலும் போதும். தொகை சிறியது என்பதற்காக 26ஆம் பிரிவு ஒப்பந்தத்தைத் தள்ளாது.

முடிவு உறுதியென்றால் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். தயக்கம் இருந்தால் தபாலோடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப் செய்தியை அவர் படித்த கணமே பின்வாங்கும் உரிமை போய்விடும்.