ஒரே தெருவில் இரண்டு 42

விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலேயே தண்டையார்பேட்டையில் இறங்கிவிடலாம். 2021இல் வந்த வசதி. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இந்தப் பார்சல் நீ அனுப்புனதா?"

நான் அனுப்பவில்லை. துணி சுற்றித் தைத்த பெட்டி, மழையில் மை கரைந்திருந்தது. பெறுநர் பெயரில் "லட்சுமி" மட்டும் மிச்சம், கீழே எண் 42, தெரு, பின்கோடு. அனுப்புநர் இடத்தில் வெறும் நீலக் கறை. அம்மா பெயரும் லட்சுமியில்தான் முடியும், எங்கள் வீடும் 42. அதனால் வாங்கி வைத்துவிட்டார். நாலு நாளாகச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். யாரும் அனுப்பவில்லை என்றதும், பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார். எறும்பு மட்டும் வரிசை கட்டத் தொடங்கியிருந்தது.

ஒட்டியிருந்த சீட்டில் பார்கோடு தப்பியிருந்தது. அடியில் இரண்டு ஆங்கில எழுத்து, 9 இலக்கம், கடைசியில் 'ஐஎன்'. ஸ்பீட் போஸ்ட் எண் இப்படித்தான் இருக்கும். அஞ்சல் துறை இணையதளத்தில் அதைப் போட்டதும் பதிவான இடம் வந்தது: உடன்குடி.

"அப்போ கருப்பட்டிதான். அந்த ஊர் அதுக்குப் பேர்போனதாச்சே" என்றார் அம்மா. எறும்புக்கும் காரணம் தெரிந்தது.

தபால் நிலையத்தில் இருந்த பெண் ஊழியர், அனுப்பியவர் விவரத்தை மற்றவர்களுக்குத் தர முடியாது என்றார். சரிதான், தரக்கூடாது. ஆனால் மேலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழைய நம்பரா, புது நம்பரா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் வழி காட்டியது.

நான் இருக்கும் சிங்கப்பூரிலும் அஞ்சல் குறியீடு 6 இலக்கம்தான். அங்கே அது ஒரே ஒரு கட்டடத்தைக் காட்டும். இங்கே முதல் 3 இலக்கம் வட்டாரத்தையும் அடுத்த 3 பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தையும் சொல்வதோடு சரி. அதற்கு மேல் வீட்டு எண்தான் கதி. அந்த எண்ணோ சென்னையில் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழையது ஒன்று, புதியது ஒன்று என இரண்டு. 42 என்று எழுதியிருந்ததை 42இல் கொடுத்த தபால்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் 42 புதியது. பழைய 42 எது? தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைக்காமலே கை நீட்டினார்: "அந்தக் கோடி, பச்சை கேட். உடன்குடிக்கார அம்மா வீடு."

கதவைத் திறந்த பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். தையலைப் பார்த்ததுமே, "எங்க அண்ணன் போட்ட தையல்" என்று பார்சலை மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணன் எழுதுவது அந்தப் பழைய எண்தானாம். உடனே போன் போட்டு, "வந்துட்டுண்ணே" என்றவருக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாள் வாங்கி, "பழைய எண் 42, புதிய எண் 17" என்று பெரிதாக எழுதினேன். அதைப் படம் எடுத்து அண்ணன் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பாட்டி இரண்டு வட்டுக் கருப்பட்டியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்து, "அம்மாவுக்கு" என்றார்.